நாகவள்ளி அழாத வருஷங்கள்

பரமக்குடி ரோட்டில் கரிமூட்டை ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து தவசி செத்துப்போனான். அவனைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியபோது பெண்கள் மாரடித்தார்கள், ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், கொழுந்தியாள் பேச்சி மண்ணில் புரண்டு புரண்டு அழுது அவளே ஒரு புழுதிக் குவியல்போல ஆகிப்போனாள். ஆனால் அவன் பெண்டாட்டி நாகவள்ளி மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், யாருக்கு இன்னும் தகவல் போகவில்லை, பந்தலுக்குக் கம்பு யார் வீட்டில் இருக்கிறது, வெயிலில் உட்கார்ந்திருக்கிற வயசாளிகளுக்கு மோர் கொடுத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"படிச்ச புள்ளைல்ல," என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். "புத்தி இருக்கிறவளுக்கு மனசு கையில நிக்கும்."

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனவர்கள், வழக்கத்தை விடக்கூடாது என்பதற்காகத்தான் நல்லதண்ணிக் கிணற்றுப் பக்கம் போனார்கள். வெள்ளாங்கரையில் அந்தக் கிணறு காய்ந்து ரெண்டு கோடை ஆகியிருந்தது. பேருக்குக் கயிற்றை இறக்கி ஏற்றிவிட்டு, பிறகு டிராக்டரில் வந்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக்கொள்வதாக ஏற்பாடு. இறக்கிய வாளி அடிச்சேற்றில் தட்டவில்லை, மிதந்தது. எட்டிப் பார்த்தார்கள். ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் கிடந்தது. ஒருவன் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இளநி கணக்கா இருக்கு மாமா," என்றான். அந்தத் தண்ணீரில் தவசியைக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டி முடிந்ததும், இருக்கும்போதே பிடித்து வைத்துக்கொள்வதுதானே என்று யாரோ மெதுவாகச் சொல்ல, மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வீட்டுக்குப் போய்க் குடத்தோடு திரும்பி வந்தார்கள். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

நாகவள்ளிக்கு அழாமல் இருப்பது புதிதில்லை. சின்ன வயதில் தாய் செத்தபோதும் அவள் அழவில்லை. சொந்தக்காரர்கள் தலையைத் தடவி, "பாரு, எம்புட்டு விவரமான புள்ள," என்றார்கள். அந்த விவரம் என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தங்கச்சி பேச்சி அன்றைக்கு அழ ஆரம்பித்தவள்தான், பிறகு நிறுத்தவே இல்லை. குட்டியை இழந்த ஆட்டுக்கு அழுவாள், சினிமாவுக்கு அழுவாள், பஸ்ஸில் போகிற யாரோ ஒரு கல்யாணப் பெண்ணைப் பார்த்து அழுவாள். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அழுகுணிப் பேச்சி என்று பேர் வந்தது. அக்கா காலேஜ் போய்க் கணக்குப் படித்து முதுகுளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். அழாதது அறிவு, அழுவது அறிவுக்குறைவு என்று ஊர் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துத் தெரிந்துகொண்டது. தாய் செத்த வருஷம் கிணறு பொங்கியதா என்று யாருக்கும் ஞாபகமில்லை. அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்திருந்ததால் யாரும் கிணற்றைக் கவனிக்கவில்லை.

கிணற்றின் சங்கதியைக் கண்டுபிடித்தவளும் நாகவள்ளிதான். கருமாதி முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது தவசியின் துண்டு ஒன்று கையில் வந்தது. கரி வாசனை. நெஞ்சிலிருந்து என்னமோ கிளம்பித் தொண்டைக்கு ஏறியது. அவள் எப்போதும் செய்கிறதைச் செய்தாள்: பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிக்கொண்டே அதை விழுங்கினாள். விழுங்கின அதே நேரத்தில் வெளியே தெருமுனையில் அந்தக் கிணறு, சாப்பிட்டு முடித்த மனுசன்போல ஒரு சத்தம் போட்டது. போய்ப் பார்த்தாள். தண்ணீர் ஒரு உறை உயரம் ஏறியிருந்தது. மறுநாள் துண்டை மறுபடி எடுத்து மோந்து பார்த்தாள், மறுபடி விழுங்கினாள், மறுபடி ஏறியது. பேச்சி அழுத அழுகைக்கெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊறவில்லை என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"யார்ட்டயும் சொல்லாதக்கா," என்றாள் பேச்சி. புருசன் வீட்டில் பிள்ளை இல்லை என்று அனுப்பிவிட்டதிலிருந்து அவள் அக்காவோடுதான் இருந்தாள்.

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொன்னா அப்புறம் ஒன்ன அழவே விடமாட்டாக."

"நான் எங்கடி அழுதேன், அவுக வந்து தடுக்கிறதுக்கு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கணக்குக்கு விடை தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார நாகவள்ளியால் முடிந்ததே இல்லை. ஊராட்சித் தலைவர் சேதுராசுவைக் கூப்பிட்டு, கிணற்றடியில் நிற்கவைத்து, விளக்கிச் சொன்னாள். சேதுராசு கேட்டுக்கொண்டார். ஆகாயத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒங்களுக்கு இருக்கிற புத்திக்கு இது ஒண்ணும் பெரிய காரியமில்ல டீச்சரம்மா," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒரு ஊரில் ஒருவருக்குப் பாம்புக்கடி மந்திரம் தெரியும், ஒருவருக்கு எலும்பு கட்டத் தெரியும், ஒருத்திக்குக் கண்ணீரை அடக்கத் தெரியும் என்று வெள்ளாங்கரை அதை எடுத்துக்கொண்டது.

முதல் வருஷம் நாற்று வாடியபோது கொஞ்சம் கூச்சத்தோடுதான் வந்தார்கள். வாசலில் வந்து நின்று, மேகத்தைப் பற்றிப் பேசி, மாட்டைப் பற்றிப் பேசி, போகும்போது சொல்வதுபோல, "தவசி அண்ணன் ஒரு தடவ கரிமூட்டத்துல ஒக்காந்து ஒங்களப் பத்திச் சொல்லுச்சு மதினி," என்று ஆரம்பிப்பார்கள். அவளுக்குத் தொண்டை அடைக்கும். விழுங்குவாள். வெளியே கிணறு சத்தம் போடும். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருஷம் கூச்சம் போயிற்று. அதற்கடுத்த வருஷம் அது முறை ஆயிற்று. தவசியின் துக்கம் தேய்ந்து மெலிந்தபோது ஊர் தன் சொந்தத் துக்கங்களைக் கொண்டுவந்தது. சவுதியில் காணாமல்போன மகன், கன்றோடு செத்த பசு, கட்டிக்கொடுத்த இடத்தில் வாய் பேசாமல்போன மகள் என்று ஒவ்வொருத்தரும் அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக் கேட்டு விழுங்கினாள். கிணற்றிலிருந்து கண்மாய்க்கு வாய்க்கால் வெட்டினார்கள், நெல் விளைந்தது, மிளகாய் விளைந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளாங்கரையில் பெண் கொடுக்கப் போட்டி போட்டார்கள். துக்கத்தை நெஞ்சில் தைக்கிற மாதிரி சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஊரில் மரியாதை கூடியது.

அவள் அழுதுவிடக் கூடாது என்பதில் ஊர் ரொம்பக் கவனமாக இருந்தது. அழுகை தொத்திக்கொள்ளும் என்று அவள் தெருவில் யாரும் அழக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. கல்யாணப் பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்பும்போது கீழத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடிபட்ட பிள்ளைகளை வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் வீட்டுக்கு வெங்காயத்தை உரித்து, நறுக்கி, மூடிபோட்ட ஏனத்தில் அனுப்பினார்கள். பங்குனிப் பொங்கலில் சாமிக்கு அடுத்த திருநீறு அவளுக்கு. இதெல்லாம் நாகவள்ளிக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். வரப்பில் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இரண்டு பக்கமும் பச்சையைப் பார்த்து, இது நான் என்று நினைத்துக்கொள்வாள்.

பேச்சிதான் பாவம், கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தைப் புதைத்து அழ வேண்டியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே பேச்சி சொன்னாள்: "நீ அழாததுனால ஒனக்குப் புத்தி இருக்குன்னு ஊரு நெனைக்குதுக்கா. எனக்கு அப்படித் தோணல."

"பின்ன எப்படித் தோணுது?"

"ஒனக்குப் புத்தி இருக்கிறதுனாலதான் ஒவ்வொரு தடவையும் அழாம இருக்க ஒரு காரணம் கெடச்சிருது. எனக்குக் காரணம் தேடத் தெரியாது. அதுக்குள்ள அழுகை வந்திருது."

நாகவள்ளி சிரித்தாள். "அஞ்சாங்கிளாஸ் பேசுற பேச்சாடி இது," என்றாள். சோறு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பொய்த்தது. கார்த்திகையில் பேச்சிக்கு வயிற்றில் வலி வந்தது. மதுரை ஆசுபத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் புற்று, பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். நாகவள்ளி டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கேட்டாள். எந்த மாத்திரை வலிக்கு, எந்த மாத்திரை தூக்கத்துக்கு, எத்தனை நாள் தாங்கும். டாக்டரே, "இவ்வளவு தெளிவா யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது பேச்சி அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஊருக்குள் பஸ் திரும்பும்போதே தெரிந்தது, கிணற்றடியில் பெண்கள் கூட்டம். பாதிக் கிணறு ஏறியிருந்தது.

மார்கழியில் பேச்சி எலும்பாகிவிட்டாள். வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம். இன்னும் இரண்டு தண்ணீர் விட்டால் வீடு வந்து சேரும், விடாவிட்டால் பதராகப் போகும். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. சேதுராசு காலையும் சாயங்காலமும் வந்து எதிர்ச்சுவரோரம் நிற்பார். அவரோடு இன்னும் நாலு பேர் நிற்பார்கள். துண்டு இடுப்பில் இருக்கும். நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி அவர்கள் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், பேச்சி அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"என்ன வேணும், சொல்லு. கஞ்சி வைக்கவா?"

"எனக்காக ஒரு தடவ அழுக்கா."

நாகவள்ளி அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான் செத்த பின்னாடி அழுதா எனக்கு எப்படித் தெரியும்? இப்ப அழு. நான் பாக்குறேன். நம்ம ஆத்தாவுக்கு நீ அழல. அத்தானுக்கு நீ அழல. அவுகளுக்கெல்லாம் தெரியாமலே போயிருச்சு. எனக்குத் தெரிஞ்சிட்டுப் போகணும்."

"என்னத்தடி தெரியணும்?"

"நான் போறது ஒனக்கு வலிக்குதான்னு."

நாகவள்ளியின் நெஞ்சுக்குள் அது எழுந்தது. இதுவரைக்கும் எழுந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி, வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு வருகிறதுபோல, தாயையும் தவசியையும் ஊரார் மகன்களையும் மகள்களையும் தள்ளிக்கொண்டு அது வந்தது. கண்ணோரம் எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவரும், சுவரோரம் நிற்கிற ஆட்களும், அவர்களுக்கு அப்பால் வெளிறத் தொடங்கியிருந்த நெல்லும் தெரிந்தன. அவளுடைய புத்தி, அது எந்தக் காலத்திலும் அவளைக் கைவிட்டதில்லை, அப்போதும் வந்து நின்றது. அழுதால் நோய் தீருமா? தீராது. அழாவிட்டால் ஊர் பிழைக்குமா? பிழைக்கும். தை பிறந்தால் அறுப்பு, அறுப்பு முடிந்தால் தண்ணீர் தேவையில்லை. மாத்திரை தை மாசம் வரைக்கும் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் செய்யலாம். கணக்கு சரியாக வந்தது.

"அறுப்பு முடியட்டும் பேச்சி," என்றாள். "அறுப்பு முடிஞ்ச அன்னைக்கு ஒன் மடியில தலைய வச்சு நீ போதும்ங்கிற வரைக்கும் அழுறேன்."

பேச்சி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, வகுப்பில் தப்பாக விடை சொன்ன பிள்ளையைத் திட்ட மனமில்லாத டீச்சர்போலச் சிரித்தாள்.

"சரிக்கா," என்றாள். அதற்கு அவள் அழவில்லை. எல்லாவற்றுக்கும் அழுகிற பேச்சி அதற்கு மட்டும் அழாததை நாகவள்ளி கவனித்தாள். கவனித்து, நல்லவேளை, புரிந்துகொண்டாள் என்று நினைத்தாள்.

போகிக்கு முன்னால் ஒரு வெயில் நேரத்தில், கஞ்சி ஆறட்டும் என்று நாகவள்ளி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே பேச்சி போய்விட்டாள். நாகவள்ளி டம்ளரைக் கீழே வைத்தாள். தங்கச்சியின் கண்ணை மூடினாள், வாயைக் கட்டினாள், காலைச் சேர்த்துக் கட்டினாள். வயலில் இன்னும் ஒரு தண்ணீர் பாக்கி. உதட்டைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். ஒரு தடவையில் அது போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வாய்ப்பாடெல்லாம் மறந்துபோய், வெறும் மூச்சால் அமுக்கி அமுக்கி விழுங்கினாள்.

கிணறு பொங்கியது. கைப்பிடிச் சுவருக்கு மேலே வந்து, தெருவில் இறங்கி, வாசல் கோலங்களைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலைத் தேடி ஓடியது. ஆண்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தண்ணீர் வீணாகாமல் அவரவர் வயலுக்குத் திருப்ப. பெண்கள் மடையடைக்கப் போனார்கள். பாடை கட்டியாயிற்று, தூக்க ஆளில்லை. நாகவள்ளி வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய, காலெல்லாம் சேறோடு வந்த சேதுராசும் மூன்று பேரும் பேச்சியைத் தூக்கிக்கொண்டு வேகவேகமாகப் போனார்கள். வயலில் மடை திறந்தபடி கிடந்தது.

அப்படி ஒரு விளைச்சலை வெள்ளாங்கரை பார்த்ததில்லை. கடைசிக் கட்டு களத்துக்கு வந்து, கடைசி வைக்கோலும் போரில் ஏறிய அன்று, நாகவள்ளி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அழ உட்கார்ந்தாள்.

அழுகை வரவில்லை.

பேச்சியின் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாய் செத்த நாளிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை, ஒவ்வொன்றும் துலக்கிவைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆனால் எதிலும் ஈரமில்லை. நெஞ்சிலிருந்து கிளம்ப ஒன்றுமில்லை, தொண்டையில் அடைக்க ஒன்றுமில்லை, விழுங்குவதற்கும் ஒன்றுமில்லை. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து விளக்கைப் போட்டாள்.

அதன் பிறகு கிணறு ஏறவில்லை. சனங்கள் வழக்கம்போல வந்தார்கள், துக்கம் சொன்னார்கள். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, மகனைத் தேட எந்த ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும், மகளை எப்போது போய்க் கூட்டி வர வேண்டும் என்று சரியான யோசனை சொன்னாள். யோசனைகள் பலித்தன. தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆடியில் அடிச்சேறு தெரிந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. "ஊத்துக்கண்ணு அடைச்சுப்போச்சு, என்ன செய்ய," என்றார் சேதுராசு. விறகை மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைத்தவர்கள் மறுபடி கரிமூட்டத்துக்குப் போனார்கள். தண்ணீர் டிராக்டர் மறுபடி வந்தது. வெங்காயம் அனுப்புவது நின்றுபோயிற்று. அது நின்றதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பக்கத்து ஊர்களில் சாவு என்றால் நாகவள்ளி போனாள். தெரியாத வீடுகளில், தெரியாத பிணங்களின் தலைமாட்டில், அழுகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்கள் எப்படி அழுகிறார்கள் என்று பார்த்தாள். மூச்சை எங்கே இழுக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து அதேபோலச் செய்து பார்த்தாள். சத்தம் மட்டும் வந்தது.

அடுத்த மார்கழிக் கடைசியில் பேச்சிக்குத் திவசம் வந்தது. நாகவள்ளி இலை போட்டுப் படைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறும்போது வாசலில் நிழல் தட்டியது. முத்திருளாயி வந்தாள். ஊரில் ஒப்பாரி வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இத்தனை வருஷமாக இந்தத் தெருப்பக்கம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவள். அவளுக்குப் பின்னால் தெருவடைக்கப் பெண்கள்.

"என்ன முத்திருளாயி?"

"பேச்சி செத்த அன்னைக்கு நாங்க மடையடைக்கப் போயிட்டோம் டீச்சரு," என்றாள் முத்திருளாயி. "ஒருத்திகூட அழல. அது எங்களை உறுத்திக்கிட்டே இருக்கு. ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு அழ ஆளில்லாமப் போச்சு."

"அதுக்கு?"

"நீங்க எங்களுக்காக அம்புட்டையும் அடக்குனீக. ஒங்களுக்கு இப்ப வரமாட்டேங்குதுன்னு தெரியும். நீங்க சும்மா ஒக்காந்திருங்க. நாங்க அழுதுட்டுப் போறோம்."

உள்ளே வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டுக்கொண்டார்கள். முத்திருளாயி குரல் எடுத்தாள், மற்றவர்கள் பின்னால் எடுத்தார்கள். பேச்சிக்கு ஆரம்பித்த அழுகை, அடக்கி வைத்த வருஷங்களின் சாவுகளுக்கெல்லாம் போய், அவரவர் மகன்களுக்கும் மகள்களுக்கும் போய், மறுபடி பேச்சியிடம் வந்தது. மூக்கைச் சிந்தினார்கள், தரையில் அடித்தார்கள். நாகவள்ளி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தொண்டை வறண்டவளுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மயங்கிச் சாய்ந்தவளைத் தாங்கிச் சுவரோரம் உட்காரவைத்தாள்.

"மல்லியப்பூ சூடி வந்த மகராசி எங்கே போனே," என்று இழுத்தாள் முத்திருளாயி.

"அவ மல்லி வைக்க மாட்டா," என்றாள் நாகவள்ளி.

பாட்டு நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"மல்லி வாசம் அவளுக்குத் தலைவலிக்கும். கனகாம்பரம்தான் வைப்பா. அதுவும் இடது பக்கம். வலது பக்கம் நான் சாஞ்சு படுப்பேன்னு, சின்னதுல இருந்தே இடது பக்கம்தான் வைப்பா."

சொன்ன குரல் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்கிற குரலாக இருந்தது, எங்கேயும் தடுக்கவில்லை, எங்கேயும் நடுங்கவில்லை. முத்திருளாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கனகாம்பரம் சூடி வந்த கண்ணாட்டி எங்கே போனே," என்று திருத்திப் பாடினாள்.

பெண்கள் மறுபடி விழுந்து அழுதார்கள். நாகவள்ளி சரி என்று தலையசைத்தாள். அடுத்த வரியில் தப்பு வருகிறதா என்று கவனமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.